சாந்தோமிலிருந்து ஜித்தா: ஓராண்டுப் பயணம் ஆறு மணி நேரமான வரலாறு

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் வரை நேர்கோட்டு வான்தூரம் ஏறத்தாழ 4,450 கி.மீ. இடைநில்லா விமானம் இத்தூரத்தை ஐந்தரை மணி முதல் ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. சவூதி அரேபியாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே காலை 8 மணிக்கு மீனம்பாக்கத்தில் புறப்படும் ஹாஜி, ஆறு மணி நேரம் பறந்தாலும் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே காலை 11.30 மணிதான் ஆகியிருக்கும். சாந்தோமில் வீட்டில் ஃபஜ்ர் தொழுதவர் அன்று மாலைக்குள் ஹரம் ஷரீஃபை அடைந்துவிடலாம்.

இந்தக் கணக்கை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நொடியில் பார்த்துச் சொல்லிவிடுகின்றனர். ஆனால் இதே தூரத்தைக் கடக்க நம் முன்னோருக்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டது, வழியில் அவர்களைத் தடுத்தவை எவை என்பதைக் கைப்பேசி சொல்வதில்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம், ஹஜ்ஜை அங்கே செல்லும் வழிக்குச் சக்தி பெற்றவர்மீது கடமையாக்குகிறது. ‘வழி’ என்ற அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு பொருள் இருந்திருக்கிறது. அதனை அறிந்தால்தான் நமக்குக் கிடைத்துள்ள ஆறு மணி நேரத்தின் மதிப்பு விளங்கும்.

கிப்லாவின் கோடும் விமானத்தின் கோடும்

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் தொழும் நாம் ‘மேற்கு நோக்கி’ நிற்பதாகப் பேச்சுவழக்கில் சொல்கிறோம். கணக்கின்படி இப்பகுதியின் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. சாந்தோமிலிருந்து கஅபா ஏறத்தாழ 4,380 கி.மீ. தொலைவில் உள்ளது.

உருண்டையான பூமியில் இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எதுவோ, அதன் திசையே கிப்லாவாகக் கணிக்கப்படுகிறது. ஜித்தா செல்லும் விமானத்தின் மிகக் குறுகிய பாதையும் அதே கணக்கில் அமைவதுதான். காற்று, வான்வழிக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றால் சிறிது வளைந்தாலும், விமானம் கன்னடநாட்டைக் கடந்து, கோவாவை ஒட்டிய கரையில் அரபிக் கடலில் புகுந்து, ஓமான் கரையேறி, அரேபியப் பாலைவனத்தின் மேல் பறந்து தாயிஃப் பக்கமாக இறங்குகிறது. நாம் நாள்தோறும் ஐவேளை முகம் திருப்பும் திசையிலேயே அது பெரும்பாலும் செல்கிறது.

இக்கணக்கை நமக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர் அபூ ரைஹான் அல்பிரூனி. கி.பி. 1025இல் அவர் முடித்த ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ என்னும் நூல் ஊர்களின் இடத்தையும் தூரத்தையும் துல்லியமாகக் கணிப்பதைப் பற்றியது. கஸ்னி நகரின் கிப்லாவைக் காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பக்தாதுக்கும் கஸ்னிக்கும் இடைப்பட்ட ஊர்களின் அட்சரேகைகளை அளந்து, அவ்வூர்களுக்கிடையே பயணிகள் கடந்த வழித்தூரங்களையும் சேர்த்து, அவர் இக்கணக்கைச் செய்தார். ஒட்டகக் கூட்டங்களின் வழித்தூரம் வானியலுக்குப் பயன்பட்டு, வானியல் தொழுகைக்குப் பயன்பட்டது. தூரத்தை அளப்பது நம் சமுதாயத்திற்கு இபாதத்தோடு பிணைந்த கல்வியாகவே இருந்து வந்துள்ளது.

காற்றுக்காகக் காத்திருந்த காலம்

பாய்மரக் கப்பலுக்கு நேர்கோடு பயன்படாது. சோழமண்டலக் கரையிலிருந்து புறப்படும் கப்பல் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, அரபிக் கடலைக் கடந்து, ஏடன் வழியாகச் செங்கடலில் புக வேண்டும். வானில் 4,450 கி.மீ. ஆகும் தொலைவு கடலில் 6,000 கி.மீ.க்கு மேல் நீண்டுவிடும்.

கடற்பயண நாட்கள் மட்டும் அவ்வளவு மிகுதியில்லை. 1340களில் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் அரசவையில் விருந்தினராகத் தங்கிச் சென்ற இப்னு பத்தூத்தா, 1347இல் கோழிக்கோட்டிலிருந்து ஓமானின் தோஃபார் பகுதியிலுள்ள ளஃபார் துறைமுகத்தை 28 இரவுகளில் அடைந்ததாகக் குறித்துள்ளார். உண்மையான காலம் கரையில் கழிந்தது. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில்தான் மேற்கே செல்ல முடியும். தென்மேற்குக் காற்றில்தான் திரும்ப முடியும். ஒரு காற்றைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. காற்று சூரிய ஆண்டைப் பின்பற்றுகிறது. துல்ஹஜ் மாதமோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பதினொரு நாட்கள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. கப்பல் சேரும் காலமும் ஹஜ்ஜின் காலமும் சில ஆண்டுகளில் நெருங்கியிருக்கும். சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் விலகியிருக்கும். விலகிய ஆண்டுகளில் ஹாஜிகள் மக்காவிலோ மதீனாவிலோ பல மாதங்கள் தங்கினர். அந்நாட்களில் சிலர் அங்கே மார்க்கக் கல்வி கற்றனர். சிலர் வணிகம் செய்து வழிச்செலவு ஈட்டினர். சிலர் அந்த மண்ணிலேயே அடங்கினர். சென்று திரும்ப ஓராண்டு என்பது விரைவான பயணமாகவே கருதப்பட்டிருக்கும்.

‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல் பருவத்தைக் குறிக்கும். ஹஜ்ஜின் காலத்திற்கும் அதுவே பெயர். மாலுமிகளின் வாயில் அதுவே காற்றுப் பருவமாகி, போர்த்துக்கீசியர் வழியாக உலகெங்கும் பரவி, இன்று நாம் செய்திகளில் கேட்கும் ‘மான்சூன்’ ஆயிற்று.

சாந்தோமும் கடலில் கேட்கப்பட்ட சீட்டும்

சாந்தோம் என்றதும் தோமையார் பேராலயமே நினைவுக்கு வரும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்கிருந்த தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் மதிப்புடன் வந்ததாகக் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா, அக்கல்லறையில் விளக்கு அணையாதிருக்க ஒரு முஸ்லிம் யாசித்துப் பொருள் சேர்த்துவந்ததாக எழுதியுள்ளார். வெவ்வேறு சமயத்தார் அண்டை வீட்டாராக வாழ்ந்த துறைமுகம் இது.

1520களில் போர்த்துக்கீசியர் இங்கே குடியேறினர். ஊரின் பெயரே அவர்கள் தந்ததுதான். ஆனால் அதே போர்த்துக்கீசியரின் கடற்படை அரபிக் கடலில் ஹஜ் பயணத்திற்குப் பெருந்தடையாக நின்றது. அவர்களிடம் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு பெறாத கப்பல்கள் பிடிக்கப்பட்டன, கொள்ளையிடப்பட்டன. சீட்டின் பெயரும் காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்த்தாஸ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த அறிஞர் ஸைனுத்தீன் மக்தூம், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்றிய ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலில், போர்த்துக்கீசியர் ஹஜ் பயணத்தைத் தடுத்ததைத் துயரத்துடன் பதிவு செய்துள்ளார். மக்தூம் குடும்பத்தார் நம் மஅபர் கரையிலிருந்து கேரளம் சென்றவர்கள் என்பது மரபு.

இத்தடை மார்க்கச் சட்டத்திலும் ஒரு பெரும் கேள்வியை எழுப்பியது. அனுமதிச் சீட்டில் ஈஸா (அலை), மர்யம் (அலை) ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கடல்வழியில் அச்சீட்டை ஏற்க வேண்டும். தரைவழியிலோ ஈரான் நாட்டில் இன்னல்கள். எனவே இந்திய முஸ்லிம்களுக்கு ஹஜ் கடமையாகாது என்று அக்பரின் காலத்தில் மக்தூமுல் முல்க் என்ற பட்டம் பெற்ற அப்துல்லாஹ் சுல்தான்பூரி தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதுகிறார். அக்பரின் அத்தை குல்பதன் பேகமோ தயங்கவில்லை. அரச குடும்பப் பெண்களுடன் 1575இல் புறப்பட்ட அவர், கடற்சீட்டுச் சிக்கலால் சூரத்தில் நீண்டகாலம் காத்திருந்து, 1576இல் கப்பலேறி, மக்காவில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கி, திரும்பும் வழியில் ஏடனருகே கப்பல் உடைந்து, 1582இல்தான் தலைநகர் சேர்ந்தார். அரச குடும்பத்திற்கே ஏழாண்டுகள் என்றால் எளிய ஹாஜிகளின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சாந்தோம் 1662இல் கோல்கொண்டா சுல்தானின் வசமானது. இடையில் பிரெஞ்சுக்காரர் இரண்டாண்டுகள் பிடித்துவைத்திருந்தனர். மீண்டும் கோல்கொண்டா, 1687க்குப் பின் முகலாயர், 1749இல் ஆங்கிலேயர் என ஊர் கைமாறியது. கொடிகள் மாறினாலும் மக்காவின் தூரம் மாறவில்லை. அத்தூரத்தைக் கடக்க யாருடைய சீட்டு வேண்டும் என்பதே மாறிக்கொண்டிருந்தது.

நீராவியும் பம்பாய் வழியும்

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் செங்கடலில் பெருகின; காற்றுக்குக் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. ஆயினும் சென்னை ஹஜ் துறைமுகமாக வளரவில்லை. 1932இல் இயற்றப்பட்ட துறைமுக ஹஜ் கமிட்டிகள் சட்டம் பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய மூன்று துறைமுகங்களுக்கே கமிட்டிகளை அமைத்தது.

ஆகவே தமிழ்நாட்டு ஹாஜிகள் பலருக்கு மக்கா செல்லும் வழி முதலில் ரயில் வழியாயிற்று. 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. மூட்டை முடிச்சுகளுடன் பம்பாய் சென்று, முஸாஃபிர்கானாவில் தங்கி, கப்பலுக்குக் காத்திருப்பது நம் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை. 1877இல் தொடங்கிய பம்பாய் பாரசீக நீராவிக் கப்பல் நிறுவனம் பின்னர் ‘முகல் லைன்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. முஹம்மதி, முஸஃப்பரி, இஸ்லாமி, அக்பர் ஆகிய அதன் கப்பல்களின் பெயர்கள் இன்றும் சில வீடுகளில் பழக்கமானவை. பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையே 2,300 கடல்மைல்; பழைய கப்பல்கள் அதைக் கடக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாட்கள் எடுத்தன. வழியில் நோய்த்தடுப்புக் காவலும் இருந்தது. காலரா அச்சத்தால் 1882இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானியர் அமைத்த நிலையத்தில், தெற்கிலிருந்து வரும் ஹாஜிகள் இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுப் பின்னரே விடுவிக்கப்பட்டனர்.

அந்த இரு வாரங்களைத் துன்பக் காலமாக மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது. கப்பலின் மேல்தளம் ஹஜ் வகுப்பாக இருந்தது. ஆலிம் ஒருவர் கிரியைகளைச் சொல்லித்தர, எழுதப் படிக்கத் தெரியாதவரும் நாட்கணக்கில் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ள இடமிருந்தது. யலம்லம் மலைக்கு நேராகக் கப்பல் வரும்போது அறிவிப்பு கிடைக்கும், அனைவரும் இஹ்ராமில் நுழைவர், தல்பியா முழங்கும். தளத்தில் குளிக்கவும் உடைமாற்றவும் தொழவும் நேரம் இருந்தது. 1995ஆம் ஆண்டுடன் இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல் போக்குவரத்து நின்றது.

வானில் மறைந்த எல்லைகள்

விமானம் வந்தபின் தூரத்தை உணரும் வாய்ப்பே குறைந்தது. 1981இல் திறக்கப்பட்ட ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம், பாலைவனக் கூடாரங்களை நினைவூட்டும் 210 துணிக் கூரைகளைக் கொண்டது. அதன் கட்டமைப்பை வகுத்தவர்களுள் முதன்மையானவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அடுத்த ஆண்டே அவர் ஜித்தாவில் காலமானார். இலட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு நிழல் தரும் அக்கூரை அவருக்கு நிலையான தர்மமாக அமையட்டும்.

விரைவு புதிய ஃபிக்ஹ் கேள்விகளையும் கொண்டுவந்தது. முதலாவது, பயணத் தொழுகை. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரமும், ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலாவும் கஸ்ருக்கு அளவு. இன்றைய கணக்கில் அறிஞர்கள் இவற்றை 77 கி.மீ. முதல் 89 கி.மீ. வரை பலவாறு மதிப்பிடுகின்றனர். நாட்களால் அளந்த தூரத்தை ஆறு மணி நேரத்தில் கடந்தால் சலுகை உண்டா? இதற்கான விடை விமானத்திற்கு ஏறத்தாழ 650 ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி, நம் கடற்கரை மதரஸாக்களில் தலைமுறைகளாக ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ நூலில், கடலுக்கும் தரையின் சட்டமே என்றும், அத்தனை மைல்களையும் ஒருவர் ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் கஸ்ர் செய்யலாம் என்றும் கருத்துரைத்துள்ளார். காற்று நன்றாக வீசினால் கப்பல் பறக்கும் என்பதை அறிந்த காலத்துச் சட்டம் அது. பயணம் எளிதாவதால் அல்லாஹ் தந்த சலுகை பறிபோவதில்லை.

இரண்டாவது, மீகாத். நேராக ஜித்தா செல்லும் நம் விமானம் பொதுவாகக் கர்னுல் மனாஸில் எல்லையின் பக்கமாகக் கடக்கிறது. முழுவேகத்தில் விமானம் நிமிடத்திற்கு 14 கி.மீ. செல்லும், ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கி.மீ. போய்விடும். ஹஜ், உம்ரா நாடியவர் இஹ்ராமின்றி மீகாத்தைக் கடந்து, திரும்பிச் செல்லாமலும் இருந்துவிட்டால், பரிகாரமாகப் பலிப்பிராணி கொடுக்க வேண்டிவரும். ஆகவே ஆண்கள் இஹ்ராம் உடையை வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்வதே பாதுகாப்பு. முதலில் மதீனா செல்வோருக்குப் பின்னர் துல் ஹுலைஃபாவே எல்லை. ஐயமுள்ளோர் தம் மஹல்லா ஆலிமிடம் பயணத்திற்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது.

மூன்றாவது, சூரியன். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 பாகை தீர்க்கரேகை வேறுபாடு உள்ளது. சூரியக் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். ரமளானில் நோன்புடன் பகலில் மேற்கே பறப்பவருக்கு மஃரிப் அவ்வளவு தள்ளிப்போகும். சென்னையில் நோன்பு திறக்கும் நேரம் அவருக்குச் செல்லாது. திரும்பி வருகையில் பகல் அதே அளவு சுருங்கும்.

2022 கற்பித்த பாடம்

தூரம் என்பது வரைபடத்தில் மட்டும் இல்லை என்பதை அண்மைக்காலமே நமக்கு மீண்டும் உணர்த்தியது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் வெளிநாட்டு ஹாஜிகளுக்கு அனுமதியில்லை. 2022இல் வழி திறந்தபோது, இந்தியாவின் ஹஜ் புறப்பாட்டு மையங்கள் 21இலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. சென்னை அப்பட்டியலில் இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற நேர்ந்தது.

கொச்சியிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,170 கி.மீ.; சென்னையைவிட 280 கி.மீ. குறைவு. வரைபடம் பார்ப்பவர் இதை நன்மை என்றே சொல்லக்கூடும். ஆனால் சென்னையிலிருந்து கொச்சி சேர 700 கி.மீ. அளவுக்குத் தரைவழி; ஓரிரவு ரயில்; பெட்டிகளுடன் பெண்களும் முதியோரும்; வழியனுப்ப வரும் குடும்பத்தின் செலவும் அலைச்சலும். சாந்தோமிலிருந்து 15 கி.மீ. தொலைவில் விமான நிலையம் இருந்தும், அந்த வழி அடைபட்டிருந்தது. தமிழக அரசும் சமுதாய அமைப்புகளும் தொடர்ந்து கோரியபின் 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு மையமானது. ஒரு காலத்தில் காற்றும், பின்னர் கர்த்தாஸும், பின்னர் பம்பாய் ரயிலும் தீர்மானித்ததை இன்று மையப் பட்டியலும், இடஒதுக்கீடும், கட்டணமும் தீர்மானிக்கின்றன. 2024இல் இந்தியா முழுமைக்குமான ஒதுக்கீடு 1,75,025. விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வராமல் ஆண்டுதோறும் காத்திருப்போரின் காத்திருப்பும், கரையில் காற்றுக்குக் காத்திருந்தோரின் காத்திருப்பும் வகையால் வேறானாலும் தன்மையால் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியது

முன்னோருக்கு நீண்ட பயணமே ஹஜ்ஜின் ஆயத்தமாக இருந்தது. திரும்பி வருவோமா என்பது தெரியாததால் கடனை அடைத்தனர், வஸிய்யத் எழுதினர், உற்றார் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் ஸலாம் சொல்லிப் பொருத்தம் கேட்டனர். கப்பலில் கிரியைகளைக் கற்றனர். மக்காவை அடையும்போது அவர்களின் உள்ளம் அதற்கு முன்பே அங்கே சென்றிருந்தது.

ஆறு மணி நேர விமானத்தில் இவற்றுக்கு இடமில்லை. உணவு, உறக்கம், இஹ்ராம் அறிவிப்பு, இறக்கம் என்று நேரம் ஓடிவிடும். ஆகவே கப்பலில் கழிந்த அந்த இரு வாரங்களை நாம் இப்போது வீட்டிலேயே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஹஜ் வகுப்புக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வது, மூத்தோருக்குப் பிள்ளைகள் நாள்தோறும் சிறிது வாசித்துக் காட்டுவது, கடனும் மனக்கசப்பும் இல்லாமல் புறப்படுவது ஆகியவை வானூர்தி தராத ஆயத்தங்கள். அதேபோல், நம் ஊர் விமான நிலையம் ஹாஜிகளுக்குத் திறந்திருக்கவும், கட்டணம் எளியோருக்கு எட்டவும் குரல் கொடுப்பது ‘வழி’யைக் காக்கும் பணியே. தனக்கு விண்ணப்பிக்கத் தெரியாத அண்டை வீட்டு முதியவருக்குப் படிவம் நிரப்பித் தருவதும் அப்பணியில் அடங்கும்.

சூரத்துல் ஹஜ்ஜின் 27ஆம் வசனம், நடந்தும் மெலிந்த ஒட்டகங்களின் மீதும் தொலைவழிகளிலிருந்து மக்கள் வருவதைப் பேசுகிறது. வாகனம் மெலிந்திருப்பது நெடுந்தொலைவு கடந்ததன் அடையாளம். நம் வாகனம் இன்று மெலிவதில்லை, களைப்பதுமில்லை. அல்லாஹ் நமக்கு எளிதாக்கித் தந்த இத்தூரத்தை நன்றியுடன் கடக்கவும், காத்திருப்போர் அனைவருக்கும் வழி திறக்கவும் அவன் அருள்புரிவானாக. ஆமீன்.